நெய்ப்பந்தம் யார் பிடிக்கலாம்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும், தம்பிகளுக்கு நடுவில் துணிந்து வந்து உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு தங்கைக்கும் வணக்கம். நம் சங்கத் தலைவர் என்னிடம், "உங்கள் அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றார். எனக்கு முட்டி போய்விட்டது, சாவு வீட்டில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, பிணத்தைத் தூக்க வந்தவர்கள் முதலில் என்னைத் தூக்கவேண்டியிருக்கிறது, அதனால்தான் ஓய்வு எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அதையும் எழுதுங்கள்" என்றார். எழுதிவிட்டேன்.

கருமக்கிரியை எப்படிச் செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. மந்திரம் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. என்னென்ன சாமான் வாங்கவேண்டும், லுக்குட் டவுனில் எந்தக் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்பதுகூட அதில் இருக்கிறது. அதில் இல்லாதது ஒன்றுதான். எல்லாம் எடுத்து வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, நீங்கள் வாயைத் திறக்கும் நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர் கையைத் தூக்கி, "சாமி, கொஞ்சம் நில்லுங்க" என்பார். கல்யாண வீட்டில் இப்படி நடந்தால் முகூர்த்தத்தைக்கூடத் தள்ளிப்போடலாம். நம் வேலையில் அந்த வசதி கிடையாது. சிரம்பான் மின்சுடலையில் நேரம் குறித்துக் கொடுத்திருப்பார்கள். நமக்குப் பின்னால் வேறொரு குடும்பம் அழுதுகொண்டே வரிசையில் நிற்கும்.

எனக்கு வேலை பழக்கியவர் போர்ட்டிக்சன் பக்கத்தில் ஓர் எஸ்டேட் கோயில் பண்டாரம். பேர் வேண்டாம், போட்டால் கோபித்துக்கொள்வார், உயிரோடு இல்லாவிட்டாலும். அவர் சாவு வீட்டுக்குள் முன்வாசல் வழியாகப் போகவே மாட்டார். நேராகப் பின்பக்கம் போய், அடுப்படியில் ஒரு கோப்பி கேட்டு வாங்கி, நின்றுகொண்டே குடிப்பார். நான் முதலில் அவருக்குக் கோப்பியில் ஆசை என்று நினைத்தேன். "முன்னால போனா யாரு அழறாங்கன்னு தெரியும். பின்னால போனா யாரு சண்டை போடப்போறாங்கன்னு தெரியும். நமக்கு எதுடா முக்கியம்?" என்று ஒரு நாள் கேட்டார். அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. சண்டைக்காரர் யார் என்று தெரிந்துவிட்டால், அவர் கையில் கனமாக எதையாவது கொடுத்துவிடுவார். இரண்டு கையும் வேலையாக இருந்தால் வாய் கொஞ்சம் ஓய்வெடுக்கும் என்பது அவர் கணக்கு. நானும் செய்து பார்த்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெரியவர் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு காரியம் முடியும்வரை நின்றார். அதை எங்கே வைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இன்னொரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிட்டு முக்கியமானதற்கு வருகிறேன். செனாவாங்கில் ஒரு வீட்டில், இந்தியாவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு குருக்கள், இறந்தவரின் கோத்திரம் என்ன என்று கேட்டுவிட்டார். கேட்டவர் பதில் வரும்வரை காரியத்தை நிறுத்தியும்விட்டார். மகன்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் ஜொகூரில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டான். அத்தை இந்தியாவில் யாருக்கோ போன் போட்டாள். அங்கே அப்போதுதான் பொழுது விடிந்துகொண்டிருந்ததாம், யாரும் எடுக்கவில்லை. நான் கிட்டப் போய், "சிவகோத்திரம்னு சொல்லுங்க" என்றேன். அதோடு காரியம் நடந்தது. தம்பிகளே, நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் நான் அனுப்பி வைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் சிவகோத்திரம்தான். கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு அது ஒன்றுதான் ஞாபகம் இருந்தது, அல்லது அதுகூட ஞாபகம் இல்லாமல் யாரோ ஒரு பண்டாரம் சொல்லிக் கொடுத்தார். மேலே போனவர்களில் ஒருவரும் திருப்பி அனுப்பப்பட்டதாகத் தகவல் இல்லை.

இனி முனியாண்டி கதை. நீங்கள் நான்கு பக்கத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முனியாண்டி, லுக்குட் பக்கத்து எஸ்டேட்டில் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டியே முடி நரைத்தவர். எஸ்டேட் ஓரத்தில் பழைய வேலைக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசையில் ஒரு வீடு. மனைவி முன்பே போய்விட்டார், அந்தக் காரியமும் நான்தான் செய்தேன். ஒரே பிள்ளை, மகள் வசந்தா. வசந்தா சீனப் பிள்ளை.

டவுனில் பிறந்த உங்களுக்கு இது புதிதாக இருக்கலாம். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளாகப் பெற்றுச் சலித்த சீனக் குடும்பங்கள் சில, கைக்குழந்தையை எஸ்டேட் தமிழர்களிடம் கொடுத்துவிடும். பிள்ளையில்லாதவர்கள் வாங்கி வளர்ப்பார்கள். அப்படி வளர்ந்தவர்கள் தமிழ்ப்பள்ளிக்குப் போனார்கள், தீ மிதித்தார்கள், மாமியாரோடு தமிழில் சண்டை போட்டார்கள். எங்கள் பக்கம் இதற்கு மாரியம்மன் கோயிலில் ஒரு சடங்கு உண்டு. குழந்தையை முறத்தில் கிடத்தி அம்மன் முன்னால் வைப்பார்கள். வளர்க்கப்போகிறவள் ஒரு படி தவிட்டை அம்மன் காலடியில் கொட்டிவிட்டு முறத்திலிருந்து பிள்ளையை எடுத்துக்கொள்வாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்பார்கள். அதன்பிறகு அது அந்த வீட்டுப் பிள்ளை. வசந்தாவை அப்படித்தான் எடுத்தார்கள்.

வசந்தா லுக்குட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஓட்டப் பழக்கியவர் அப்பா. அவள் வீட்டுக்காரருக்குச் செனாவாங்கில் ஃபேக்டரி வேலை, ஷிப்ட். ரொம்ப காலம் அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. நாற்பது தாண்டிய பிறகு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார்கள். வேறொரு பெண் கொடுத்த கருமுட்டையில் உருவான கருவை வசந்தா சுமந்து பெற்றாள். பெண் குழந்தை, பேர் கீர்த்தனா.

மற்ற குடும்பங்களாக இருந்தால் இந்த விஷயம் வீட்டுச் சுவரைத் தாண்டியிருக்காது. முனியாண்டி எல்லோரிடமும் சொன்னார். கோயில் அன்னதானத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமும் சொன்னார்.

"ஸ்பேர் பார்ட் ஒண்ணு வேற இடத்துல கிடைச்சுது சாமி. உள்ள வெச்சு ஓட வெச்சது என் மக. இப்ப வண்டி யாரோடது, சொல்லுங்க."

"உங்க வண்டிதான்" என்றேன்.

"அதான்லா" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் வாங்கப் போனார்.

என் சின்ன மகள் லண்டனில் நர்சாக இருக்கிறாள், இதே மாதிரி பிள்ளை வைத்தியம் பார்க்கும் இடத்தில். போனில் அவளிடம் முனியாண்டியின் ஸ்பேர் பார்ட் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அப்பா, இங்க யூதர்கள் வருவாங்க. அவங்களுக்கும் இதே பிரச்சினைதான்" என்றாள். அவர்களுக்குத் தாய் யூதச்சியாக இருந்தால் பிள்ளையும் யூதப் பிள்ளையாம். அது வரைக்கும் சரி. இப்போது முட்டை ஒருத்தியுடையது, வயிறு ஒருத்தியுடையது என்று வந்ததும், யார் தாய் என்று அவர்களுடைய பெரியவர்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்களாம். எதற்கும் இருக்கட்டும் என்று சிலர் பிள்ளையைத் தண்ணீரில் முக்கி, முறைப்படி தங்கள் மதத்தில் சேர்த்துவிடுவார்களாம். வெளியிலிருந்து தத்தெடுத்த பிள்ளைக்கும் அந்தச் சடங்கு உண்டாம். நாம் தவிடு கொட்டுகிறோம், அவர்கள் தண்ணீரில் முக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது. அப்படிச் சின்ன வயதில் சேர்த்துக்கொண்ட பிள்ளை விவரம் தெரிந்து பெரியதானதும், தனக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக அதற்கு உரிமை உண்டாம். அதாவது, அந்தப் பிள்ளையும் ஒரு வார்த்தை சொல்லலாம். நான் இத்தனை வருடம் எத்தனையோ தவிட்டுப் பிள்ளைகள் வீட்டில் காரியம் செய்திருக்கிறேன். தாத்தாவைக் கேட்டிருக்கிறேன், மாமனைக் கேட்டிருக்கிறேன், கோயில் தலைவரைக் கேட்டிருக்கிறேன். பிள்ளையைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

முனியாண்டி ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் படுத்திருந்துவிட்டு, ஒரு காலையில் போய்ச் சேர்ந்தார். மறுநாள் எடுப்பதாக முடிவானது. மின்சுடலையில் மத்தியான நேரம் கிடைத்திருந்தது. நான் வழக்கம்போல் பின்பக்கமாகப் போய்க் கோப்பி கேட்டேன். அடுப்படியில் முனியாண்டியின் தம்பி மனைவி சரோஜா, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

"மகளும் நம்ம ரத்தம் இல்ல. பேத்தி அந்த மகளோட ரத்தம்கூட இல்ல. யாரு முட்டையோ, யாரு கண்டா. இதுங்க ரெண்டும் காரியம் பண்ணி மாமா எப்படிக் கரையேறுவாரு?"

என்னைப் பார்த்ததும் கோப்பியில் சீனி கூடப் போட்டுக் கொடுத்தார்.

நான் முன்பக்கம் போய் உட்கார்ந்து தர்ப்பையைப் பிரித்தேன். குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் கொண்டுவர ஆட்களைக் கூப்பிட வாயைத் திறந்தேன். கை தூக்கப்பட்டது.

தூக்கியவர் தம்பி பிச்சைமுத்து. ரஹாங்கில் வீடு, அரசாங்க ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அவர் கெட்டவர் இல்லை. முந்தின நாளிலிருந்து அண்ணன் தலைமாட்டை விட்டு நகராமல் இருந்தவர் அவர். கண் இரண்டும் வீங்கியிருந்தது. சாவு வீட்டில் தடை சொல்கிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான், அன்பில்தான் தடை சொல்வார்கள். அவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

"சாமி, கொஞ்சம் நில்லுங்க. கொள்ளி என் மகன் வைப்பான்" என்றார்.

அவருடைய மகன் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு இது அப்போதுதான் தெரியும் என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"வசந்தா நல்ல புள்ள. நான் இல்லேன்னு சொல்லல. அண்ணனுக்குக் கால் கழுவி விட்டதெல்லாம் அதுதான். ஆனா இது வேற சாமி. வாங்குன புள்ள வாங்குன புள்ளதான். சீன ரத்தம். கொள்ளின்னு வந்தா வம்சத்துல ஒருத்தன் வைக்கணும். எங்கண்ணன் கரையேறணும்லா" என்றார்.

வசந்தா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் அப்பாவுக்கு உடுத்தவேண்டிய புது வேட்டி. அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவள் பேசமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தான் கொள்ளி வைக்கமுடியாமல் போய்விடும் என்றால் அதையும் அப்படியே நின்று பார்த்துவிட்டு, மறுநாள் காலை வேன் எடுக்கப் போய்விடுவாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சாஸ்திரம் பேசலாம். நீங்கள் ஒரு சாஸ்திரம் சொன்னால் அவர் யூடியூபிலிருந்து இரண்டு சொல்வார். சத்தம் போடலாம். போட்டால் காரியம் நடக்கும், ஆனால் அந்தக் குடும்பம் மறுபடி ஒரே பந்தியில் உட்காராது. பேசாமல் அவர் மகனையே கூப்பிடலாம். நேரத்துக்கு மின்சுடலை போய்ச் சேரலாம். அதைத்தான் நிறையப் பேர் செய்கிறோம், அப்புறம் அதற்குச் சம்பிரதாயம் என்று பேர் வைக்கிறோம்.

எனக்கு அப்போது தோன்றியது வேறொன்று. நான் எழுந்திருக்கவில்லை, எழுந்திருப்பது லேசான காரியமும் இல்லை. "சரிங்கய்யா. சங்கல்பத்துல கூடப்பொறந்தவர்னு உங்க பேரையும் சொல்லணும். முழுப் பேரு?" என்று கேட்டேன்.

"பிச்சைமுத்து."

"நல்ல பேரு. யாரு வெச்சது?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு கதை உண்டு. அதை அவர் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்வார், நானே இரண்டு கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன். துக்கத்திலும் அந்தக் கதை வாயில் தானாக வந்துவிட்டது.

"அது எங்கம்மா வெச்சது சாமி. அண்ணனுக்கு அப்புறம், எனக்கு முன்னால ரெண்டு பொறந்து தங்கல. நான் பொறந்ததும் எங்கம்மா பயந்துபோயி, எஸ்டேட் கடை மொதலாளி தவுக்கே பொண்டாட்டி இருந்துச்சுல்ல, அந்தச் சீனத்திகிட்ட என்னைக் கொடுத்துட்டாங்க. அது கோழிக்கு வெச்சிருந்த தவிட்டுல ஒரு படி அள்ளி எங்கம்மாவுக்குக் கொடுத்துட்டு என்னை வாங்கிக்கிச்சு. அப்புறம் எங்கம்மா அந்த வாசல்லயே நின்னு முந்தானையை ஏந்தி, தாயே, ஒரு புள்ளையப் பிச்சை போடுன்னு கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. அதனால பிச்சை. எதுக்குன்னா, எமன் தேடி வந்து பார்த்தா, இது எங்கப்பன் வீட்டுப் புள்ள இல்ல, சீனன் வீட்டுத் தவிட்டுப் புள்ளன்னு நெனச்சு..."

கதை அங்கே நின்றுவிட்டது.

"எமன் ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டேன்.

பிச்சைமுத்து அண்ணனைப் பார்த்தார். அப்புறம் வசந்தாவைப் பார்த்தார். எழுபது வயதுக்கு மேல் உயிரோடு நிற்கிறவர் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லமுடியாது.

"ஒத்துக்கிட்டான்போல" என்றார் மெதுவாக.

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டார். இதைக் கவனியுங்கள். ஒருவரைச் சபையில் நிறுத்திவிட்டால் அங்கேயே நிற்கவிட்டுவிட்டு நாம் நகரக்கூடாது. அவர் தன் அண்ணனுக்காகத்தான் கையைத் தூக்கினார். அந்தக் கைக்கு வேலை கொடுக்கவேண்டும். அடுப்படியில் பெரிய பித்தளை அண்டா ஒன்று பார்த்து வைத்திருந்தேன். "ஐயா, முதல் தண்ணி உங்க கையாலதான் வரணும். கூடப்பொறந்தவர் இருக்கும்போது வேற யாரும் எடுக்கக்கூடாது" என்றேன். அது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அண்டாவைத் தூக்கப் போய்விட்டார். மகனையும் கூப்பிட்டுக்கொண்டு போனார். மகன் ஓடியே போனான்.

பிறகு நான் செய்ததை இதற்கு முன்னால் செய்ததில்லை. வசந்தாவைக் கிட்டக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

"அம்மா, கொள்ளி நீ வைக்கிறியா? வைக்கணும்னு கட்டாயம் இல்ல. வேணாம்னாலும் நீ அவரு மகதான், அதை யாரும் எடுக்கமுடியாது. நீயே சொல்லு."

வசந்தா வேட்டியை மடிப்பதை நிறுத்தினாள்.

"என்னை மொறத்துல போட்டப்ப யாரும் கேக்கல சாமி. கேட்டாலும் சொல்லத் தெரிஞ்சிருக்காது" என்றாள். "இப்பதான் மொத தடவை கேக்கறாங்க. நான் வைக்கிறேன். சித்தப்பா பக்கத்துல நிக்கட்டும்."

பிச்சைமுத்து அப்போது அண்டாத் தண்ணீரோடு, பின்னால் மகன் ஒரு குடத்தோடு, உள்ளே வந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டார். அண்டாவைக் கீழே வைக்க இடம் தேடுகிற மாதிரி குனிந்தே நின்றார். கண்ணைத் துடைக்க அவருக்குக் கை இல்லை. வசந்தா போய் அண்டாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அதைக் கீழே இறக்கினார்கள். நான் என் மந்திரத்தை ஆரம்பித்தேன்.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். நீங்கள் அப்படி நினைத்துவிடாதீர்கள். ஒரு சாவு வீட்டில் ஒரு சண்டைதான் உண்டு என்று எழுதி வைக்கவில்லை.

குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, வாய்க்கரிசி போட்டு முடித்ததும் நெய்ப்பந்தம். உங்களுக்குத் தெரியும், பேரப்பிள்ளைகள் பிடிப்பது. குச்சி முனையில் துணி சுற்றி, நெய்யில் நனைத்து, கொளுத்தி, கையில் கொடுத்துப் பிணத்தைச் சுற்றிவரச் சொல்வோம். பேரப்பிள்ளை பந்தம் பிடித்தால் தாத்தாவுக்குப் போகும் வழியில் வெளிச்சம் என்பது நம் பேச்சு. பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டேன். பிச்சைமுத்துவின் பேரன்கள் இரண்டு பேர் வந்தார்கள், தலைமுடியைச் சீவி நிறுத்தியிருந்தார்கள். கீர்த்தனாவும் வந்து அவர்களுக்குப் பக்கத்தில் நின்றாள். எட்டு வயது இருக்கும்.

"இது எதுக்கு சாமி?" என்று சரோஜா பின்னாலிருந்து கேட்டார். "மகளுக்காச்சும் தவிடு கொட்டுனாங்க. இந்தப் புள்ளைக்கு அதுகூட இல்ல. யாரோ பெத்த முட்டை. நம்ம பேரனுங்க ரெண்டு பேரு இருக்கானுங்க, போதாதா?"

குழந்தை எதிரில் சொல்லிவிட்டார். வசந்தாவின் முகம் மாறியது. தனக்கு என்றால் வாய் திறக்காதவள் இப்போது ஒரு அடி முன்னால் வந்தாள். பிச்சைமுத்து, "சரோஜா" என்றார். லண்டன் பெரியவர்களே பிரிந்து நிற்கிற விஷயத்துக்கு லுக்குட்டில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன தீர்ப்புச் சொல்வது? பிணம் ஏற்றும் வேன்காரரும் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் வசந்தாவிடம் வேலை செய்த வழி இப்போதும் வேலை செய்யும் என்று நம்பினேன். பிள்ளையைக் கேட்டேன்.

"கீர்த்தனா, நீ பந்தம் பிடிக்கிறியாம்மா? நெருப்பு. பயமா இருந்தா வேணாம்."

"பிடிக்கிறேன்."

"எப்படிப் பிடிக்கணும்னு தெரியுமா?"

"தெரியும். கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கணும். நேராப் பிடிச்சா நெய் கையில ஊத்தும்" என்றாள்.

நான் சரோஜாவைப் பார்த்தேன். சரோஜா என்னைப் பார்த்தார். "யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"தாத்தா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் சொல்லிக் கொடுத்தாங்க. டார்ச் லைட் வெச்சு."

"டார்ச் லைட்டா?"

"ஆமா. தாத்தா கைய நெஞ்சுல வெச்சுக்கிட்டு, கண்ண மூடிப் படுத்துக்குவாங்க. நான் டார்ச் லைட்ட பிடிச்சுக்கிட்டு கட்டிலச் சுத்தணும். கோயில் சுத்துற பக்கம் போகக்கூடாது, இந்தப் பக்கமாப் போகணும். தப்பாப் போனா தாத்தா ஒரு கண்ணத் திறந்து பாப்பாங்க. சரியாப் போனா திறக்க மாட்டாங்க."

மனிதர் எல்லாம் தெரிந்துதான் படுத்திருந்திருக்கிறார். யார் கையைத் தூக்குவார்கள், யார் முட்டை என்று பேசுவார்கள் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பேத்திக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார், மகளுக்கு வண்டி ஓட்டப் பழக்கியது போலவே.

சரோஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நான் கொஞ்சம் பயந்தேன். அவர் கீர்த்தனாவைத் திருப்பி நிறுத்தி, அவிழ்ந்து தொங்கிய தலைமுடியை அள்ளி, தன் கொண்டையிலிருந்த ரப்பரைக் கழற்றி இறுக்கிக் கட்டினார். "நெருப்பு பட்டுடும்" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு தன் அவிழ்ந்த கொண்டையைக் கையால் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பந்தங்களைக் கொளுத்திக் கொடுத்தேன். பேரன்கள் இருவரும் கோயில் சுற்றுகிற பழக்கத்தில் வலப்பக்கமாகக் கிளம்பினார்கள். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் கீர்த்தனா, "அண்ணா, அந்தப் பக்கம் இல்ல" என்றாள். இருவரும் திரும்பி அவள் பின்னால் வந்தார்கள். முனியாண்டி தலைமாட்டில் தொடங்கி, கால்மாட்டைத் தாண்டி, மறுபடி தலைமாடு. பந்தத்தைச் சாய்த்தே பிடித்திருந்தாள். ஒரு சொட்டு நெய் அவள் கையில் விழவில்லை. நான் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுற்று முடிந்ததும் பையன்கள் பந்தத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் கொடுக்கவில்லை. தாத்தாவின் தலைமாட்டில் நின்று, பந்தத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். முதலில் ஒரு கண்ணைப் பார்த்தாள். பிறகு அடுத்த கண்ணைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"திறக்கல சாமி" என்று சொல்லிப் பந்தத்தை என்னிடம் நீட்டினாள். "சரியாத்தான் சுத்தியிருக்கேன்."

முந்தின நாள் காலையிலிருந்து அழாமல் இருந்த வசந்தா அப்போது அழுதாள். பிச்சைமுத்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மந்திரத்தில் எங்கே இருந்தேன் என்பது மறந்துவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். நேரமாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கையைத் தூக்கவில்லை.